பிரேமிளா மிஸ் என் பெயரில் எடுத்த மருந்து

பிரேமிளா மிஸ் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குசினிக்குத்தான் போவார். பையைக் கதிரையில் வைத்துவிட்டு, கர்ப்பிணியைப் பார்ப்பதற்கு முன்பே அடுப்படிக்குப் போய்க் கறிச்சட்டியின் மூடியைத் திறப்பார். அகப்பையால் கொஞ்சம் அள்ளி இடது உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு வெளியே வந்து, "உப்பைக் குறை பிள்ளை, கால் வீங்கப் போகுது," என்றோ, "கீரையைக் கண்டு எத்தினை நாள்?" என்றோ கேட்பார். பிரஷர் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுப்பது அதற்குப் பிறகுதான்.

அவர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்கிற மருத்துவமாது. பேசாலையில் பிறந்தவர். கணவர் ரொபின்சனுக்கு அங்கே படகு இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது மிஸ்ஸுக்கு நானாட்டான் பக்கம் வேலை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் வீடுகள் அவருடைய பிரிவுக்குள் வந்தன. அம்மா என் தம்பியைச் சுமந்தபோதுதான் அந்தப் பழக்கத்தை நான் முதலில் பார்த்தேன். மிஸ் வரும் நாள் தெரிந்தால் பெண்கள் சட்டியில் நல்லதாக எதையாவது வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அன்று சொதி மட்டும்தான். அம்மா பக்கத்து வீட்டிலிருந்து மீன்குழம்பு இரவல் வாங்கி அடுப்பில் வைத்திருந்தார். மிஸ் நக்கிப் பார்த்தார்.

"சிவராணி, இந்தக் குழம்பை இப்பதான் அங்கால வீட்டில சந்திச்சிட்டு வாறன்," என்றார்.

அம்மா வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. மிஸ் ஏசவில்லை. மறுமுறை வரும்போது ஒரு பை நெத்தலிக் கருவாடு கொண்டுவந்தார்.

பிறகு அவர் தெற்கே கடலோரப் பிரிவுக்கு மாற்றலாகிப் போனார். நான் பல்கலைக்கழகம் போய்ப் புவியியல் படித்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகத் திரும்பி வந்து, வேலையில்லாமல் இருந்தேன். கொரோனா வந்த வருடம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்தார்கள். என்னை அந்தக் கடலோரப் பக்கத்துச் சுகாதாரக் கந்தோருக்கு அனுப்பினார்கள். போன முதல் நாளே மிஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. "சிவராணியின்ர மூத்தது," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. முன்பென்றால் அம்மா என்ன சமைக்கிறார் என்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன். வேலை கூடிவிட்டது என்றும் நினைத்தேன்.

எனக்குத் தரப்பட்ட வேலை தொலைபேசி. தனிமைப்படுத்திய வீடுகளுக்கு ஒவ்வொரு நாளும் அழைத்துக் கேட்க வேண்டும். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, மூச்சு முட்டுதா, ருசி மணம் தெரியுதா. புவியியலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் என்னிடம் எதையோ ஒப்படைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மிஸ்ஸுக்கு வந்த உத்தரவு வேறு. வீட்டுக்குள் அதிகம் நிற்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, முடிந்தால் படலையடியில் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும். அவர் அப்படியே செய்தார். கண்ணாடித் தாள் கவசத்தைப் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று, என்ன சமையல் என்று கேட்பார். உள்ளே இருந்து பெண்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள். அவர் அதை எழுதிக்கொள்வார்.

அந்தத் தை மாதம் கொண்டச்சியில் இர்ஷானா என்ற பெண்ணுக்கு ஏழு மாதம். மிஸ் படலையடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே கட்டிலில் இருந்த இர்ஷானாவின் உம்மா ஒரு வசனத்தை முடிக்க மூன்று தடவை மூச்செடுத்ததைக் கவனித்தார். அவர் பெயர் உம்மு குல்சூம். மிஸ் எங்கள் சுகாதாரப் பரிசோதகர் முனவ்வருக்கு அழைத்தார். அம்புலன்ஸ் வந்தது. உம்மு குல்சூம் போக மறுத்தார். அவருக்கு நோயைப் பற்றிய பயம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் என்ன செய்வார்கள் என்ற பயம்தான். அந்த நாட்களில் கொரோனாவில் இறந்த எல்லோரையும், அடக்கம் மட்டுமே செய்கிற முஸ்லிம்களையும் கூட, எரிக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. ஒட்சிசன் வைத்தால் சில நாளில் திரும்பி வரலாம் என்று மிஸ் வேலிக்கு வெளியே நின்று பேசி, பேசி, சம்மதிக்க வைத்தார். அவர் சொன்னது மருத்துவப்படி சரி. அந்த வயதில் அந்த மூச்சோடு வீட்டில் வைத்திருந்தால் நிச்சயம் இறந்திருப்பார்.

ஆஸ்பத்திரியிலும் இறந்தார்.

வீட்டார் எல்லோரும் தனிமைப்படுத்தலில் இருந்ததால் யாரும் போக முடியவில்லை. செய்தி சொல்ல முனவ்வரையும் மிஸ்ஸையும் அனுப்பினார்கள். முனவ்வர் அதே கடற்கரையைச் சேர்ந்தவர், அந்த வீட்டுக்குத் தூரத்து உறவு. அவர் மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்கவே இல்லையாம். செய்தியை மிஸ்தான் சொன்னார். இர்ஷானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படலைக்கு வந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி என்று முனவ்வர் பிறகு எனக்குச் சொன்னார்.

"உம்மாவ எரிச்சிட்டாங்களா, இனித்தான் எரிக்கப் போறாங்களா?"

எரித்துவிட்டார்கள் என்று மிஸ் சொன்னார். சொல்லிவிட்டு, இர்ஷானாவின் பிரஷர் பார்க்க வேண்டும் என்று கருவியை எடுத்தாராம். இர்ஷானா கையை நீட்டினாளாம். அடுத்த மாதக் கடைசியில் அந்த உத்தரவை மாற்றி அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று கந்தோரில் யாரும் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இர்ஷானாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மிஸ் முறையான நாட்களில் போனார், பிள்ளையின் நிறையைப் பார்த்தார், எழுதினார். அந்த வீட்டில் அவரை ஒருநாளும் வெளியே நிற்க வைக்கவில்லை. கதிரை போட்டார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். பேசவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதும்போது ஒன்றிலிருந்து ஒன்று வந்தது போல இருக்கிறது. அப்போது அப்படித் தெரியவில்லை. மிஸ் வேலைக்கு வந்தார், போனார். ஒருநாளும் பிந்தவில்லை. ஊசி போடும் நாட்களில் காலையிலிருந்து நின்றார். யாராவது ஏசினால் கேட்டுக்கொண்டிருந்தார். கடற்கரைக் கிராமம் ஒன்றில் அவருடைய ஸ்கூட்டரைக் கண்டதும் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவர் வந்து போனால் அடுத்த நாள் பஸ் வந்து ஆட்களைத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு ஏற்றும் என்று அங்கே ஒரு கதை. அவர் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தார். மத்தியானம் நாங்கள் தள்ளித் தள்ளி இருந்து சாப்பிடும்போது தன் சோற்றுப் பார்சலைத் திறப்பார், சிலவேளை திறக்க மாட்டார். வீட்டுக்குப் போகும்போது அதை நாய்க்குப் போடுவார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முனவ்வர் வீட்டிலிருந்து எல்லோருக்கும் புரியாணி கொண்டுவந்தார். மிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடதாசியை மென்று விழுங்குவது போல மென்றார்.

"என்ன மிஸ், இப்பிடிச் சாப்பிடுறீங்க? எங்கட வீட்டுல கேள்விப்பட்டா என்னை உள்ளுக்கு எடுக்க மாட்டா," என்றார் முனவ்வர்.

"கறியில பிழை இல்லை தம்பி. எனக்கு ருசி தெரியேல்ல."

எல்லோரும் கதிரையோடு பின்னால் போனோம். நானும் போனேன். கதிரைக் கால்கள் சீமெந்தில் உரசிய சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது. யாரோ சிரித்தார்கள். மிஸ் முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, மீதிப் புரியாணியை மூடி வைத்தார்.

அன்றே மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அந்தச் சோதனையை நம்ப முடியாது என்று பி.சி.ஆருக்கு அனுப்பி, மிஸ்ஸை அவருடைய குவாட்டர்ஸில் தனியாக இருக்கச் சொன்னார்கள். தனிமைப்படுத்தப்பட்டவர்களின் பட்டியலில் அவருடைய பெயரும் சேர்ந்ததால், நான் அவருக்கும் அழைக்க வேண்டியிருந்தது. குவாட்டர்ஸ் கந்தோருக்குப் பின்னால்தான். என் யன்னலால் அவருடைய யன்னல் தெரியும். ஆனாலும் அழைத்தேன். எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. மூச்சு முட்டவில்லை. ருசி தெரியவில்லை.

"எப்ப இருந்து மிஸ்?"

வழக்கமாக எல்லோரும் நேற்றிலிருந்து, முந்தநாளிலிருந்து என்பார்கள். அவர் யோசித்தார்.

"மாசியில பேசாலைக்குப் போனனான். அவர் பாரைமீன் கொண்டந்தவர். நான்தான் வெட்டிச் சமைச்சனான். அப்பவே இல்லை."

நான் படிவத்தில் எழுதப் போன கையை நிறுத்தினேன். அப்போது ஆடி மாதம். கொரோனாவில் போகும் ருசி பெரும்பாலும் அவ்வளவு காலத்துக்குப் போவதில்லை, அதுவும் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல். அது எனக்கே தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரிந்திருக்கும். நித்திரை வருகிறதா என்று கேட்டேன். அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை. வந்துவிட்டு விடியற்காலையில் போய்விடுகிறது என்றார்.

பி.சி.ஆரும் இல்லை என்று வந்தது. இன்னொரு தடவை அனுப்பினார்கள். அதுவும் இல்லை. கந்தோரில் கை தட்டினார்கள். முனவ்வர் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். மிஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை என்பதில் எல்லோருக்கும் உண்மையான சந்தோசம். மிஸ் ஒரு துண்டு சாப்பிட்டார். அடுத்த நாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பிரிவுக்குப் போனார்.

சில நாட்களுக்குப் பிறகு, தடுப்பூசிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

"பொசிட்டிவ் எண்டு வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான், ஹம்சி. வந்திருந்தா ரெண்டு கிழமை படுத்திருக்கலாம். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்க மாட்டினம்."

இர்ஷானாவின் உம்மாவால்தானா என்று கேட்டேன். ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் எனக்குப் படிப்பால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று தெரியாது. அவர் பெட்டிகளை எண்ணுவதை நிறுத்தாமல், அதுவும் இல்லை என்றார். அன்று தான் அழவே இல்லை என்றார். செய்தி சொன்ன பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே இருந்த பெண்ணுக்கு முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லிவிட்டு வந்தாராம். அழுகை பிறகு வரும் என்று இருந்தாராம். அதற்குப் பதிலாக ஒன்றுமே வராமல் போய்விட்டது என்றார். கடலைப் பார்த்தாலும் சுவரைப் பார்த்தாலும் ஒன்றுதான் என்றார். நேர்ஸிங் படிக்கும் மகள் டினோஜா போனில் பேசும்போது எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று கவனித்துச் சிரிப்பதாகச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது, போவோம் என்றேன். அவருக்கு அது தெரியாதா. எத்தனையோ தாய்மாரைப் பிரசவத்துக்குப் பிறகு அவரே அங்கே அனுப்பியிருக்கிறார். அந்தத் தாய்மாரிடம் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று அவரே சொல்லியும் இருக்கிறார்.

"அது அவைக்கு. விசர் டொக்டரிட்டப் போற மிட்வைஃபின்ர கையில ஆர் பச்சைப் பிள்ளையைத் தருவினம்? ஏற்கெனவே படலையைச் சாத்துற சனம். ஒருக்கா அங்க என்ர பேரைக் கூப்பிட்டுக் கேட்டா, பிறகு நான் இந்தக் கரையில வேலை செய்யேலாது."

மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். பிறகு அந்தக் கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கும் வாங்குகளை நினைத்துப் பார்த்தேன். பேசாலை, தலைமன்னார், அடம்பன், சிலாவத்துறை எல்லா இடத்து ஆட்களும் அங்கே இருப்பார்கள். தாதி வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக உரத்துக் கூப்பிடுவார். முகக்கவசத்தில் முகத்தை மறைக்கலாம். பெயரை மறைக்க முடியாது. இந்த மாவட்டத்தில் பிரேமிளா மிஸ் என்றால் வீட்டுக்கு ஒரு பிள்ளையையாவது தூக்கிக் கொடுத்த ஆள்.

அடுத்த கிழமை அவர் என்னிடம் கேட்டது அதிலிருந்துதான் வந்தது. கந்தோர் வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உன்ர பேரைக் கொஞ்ச நாளைக்குத் தாறியா?"

எனக்கு உடனே விளங்கியது. விளங்காதது போலக் கொஞ்சம் நின்றேன்.

"நீ இஞ்சத்த ஆள் இல்லை. உன்னை அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் சுகமானதும் நானே டொக்டரிட்ட உண்மையைச் சொல்லி, உன்ர பேரை எடுத்து விடுவன். சத்தியமா."

தருகிறேன் என்றேன். நல்ல மனதால் தந்தேனா, அவர் என்னிடம் கேட்டதில் எனக்கு ஒரு பெருமை இருந்ததா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை. அவர் நன்றி சொல்லவில்லை. பஸ் வந்தது.

அந்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து மன்னார் நகருக்குப் போனோம். அவர் சேலை உடுக்காமல் சட்டையும் பாவாடையும் போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கூடப்போகிறவர்தான் எப்போதும் பதில் சொல்வார், அதனால் பதிவுத் துண்டு எழுதுகிறவரிடம் நான் பதில் சொன்னேன். பெயர் ஹம்சிகா. எங்கள் வீட்டு விலாசம். வயது கேட்டபோது, எத்தனையோ வருடமாக மற்றவர்களின் வயதைக் கேட்டு எழுதிய மிஸ் தன் வயதைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு இருபத்தாறு என்றேன். எழுதியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு வாங்கில் காத்திருந்தோம். தாதி என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழும்பப் போனேன். மிஸ் என் தொடையில் கையை வைத்து அழுத்திவிட்டு எழும்பிப் போனார்.

உள்ளே என்ன நடந்தது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். டொக்டர் வெளியூர்ப் பெடியன், நல்ல மாதிரி. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டாராம். ஒன்று, நேர்ஸிங் படிக்கிறாள் என்று மிஸ் சொல்லிவிட்டார். டொக்டர் கொப்பியில் இருந்த வயதைப் பார்த்தாராம். மிஸ்ஸின் காதோரத்து நரையைப் பார்த்தாராம். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, "சரி ஹம்சிகா, நித்திரையைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றாராம்.

இதைச் சொன்னபோது மிஸ்ஸின் முகக்கவசம் கொஞ்சம் அசைந்தது. சிரித்தாரா என்று கேட்கவில்லை.

மருந்து உறைகளில் என் பெயர் இருந்தது. அவர் அவற்றைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. வாய் காய்கிறது என்றார், கை நடுங்குகிறது என்றார், தராசில் பிள்ளையை வைக்கும்போது பயமாக இருக்கிறது என்றார். விடப் போவதாகச் சொன்னார். நான் ஒவ்வொரு மாதமும் கூடப் போனேன். ஒவ்வொரு தடவையும் என் பெயர் வாசலில் கேட்டது, ஒவ்வொரு தடவையும் அவர் எழும்பிப் போனார். பழகிவிட்டது. ஒரு தடவை தாதி கூப்பிட்டபோது அது என் பெயர் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அவருக்கு முதலில் திரும்பி வந்தது கோபம். அடுத்த வருடத் தொடக்கத்தில், ஊசிப் பெட்டியை வெயிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போன சாரதியை முற்றத்தில் நிற்க வைத்து ஏசினார். கந்தோர் முழுக்கக் கேட்டது. முனவ்வர் யன்னலடிக்கு வந்து பார்த்துவிட்டு, "மிஸ் ஏசத் தொடங்கிட்டா. இனிப் பயமில்ல," என்றார். அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒருநாள் இர்ஷானா வீட்டில் பிள்ளைக்குக் கரைத்து வைத்திருந்த கஞ்சியைக் கேட்காமல் எடுத்து வாயில் வைத்துவிட்டாராம். இர்ஷானா, "சீனி போடல்ல மிஸ்," என்றாளாம். அந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் யாரோ பேசியது அதுதான்.

பெற்றோல் வரிசைகள் வந்தன. பஸ் ஒருநாள் வந்தது, மூன்று நாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சில மருந்து இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். மிஸ் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினார். பரவாயில்லை, இப்போது நித்திரை வருகிறது என்றார். பெயரைப் பற்றி நான் ஒரு தடவை கேட்டேன். அடுத்த முறை போகும்போது டொக்டரிடம் சொல்வதாகச் சொன்னார். அதற்குள் அந்த டொக்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். சொல்ல வேண்டிய ஆள் இல்லாமல் போனதும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததோ என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தையில் மகள் இருக்கும் வவுனியாப் பக்கம் மாற்றல் கிடைத்துப் போனார். பிரியாவிடையில் மாலை போட்டு, சேவையைப் பாராட்டிக் கண்ணாடிப் பெட்டியில் ஏதோ கொடுத்தார்கள். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உன்ர சாமான் ஒண்டு என்னட்டக் கிடக்கு. மறக்கேல்ல."

எனக்கும் நியமனம் நிரந்தரமாகி நானாட்டானுக்கே வேலை மாறி, வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த வருட நடுவில், ஒரு சனிக்கிழமை, ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தார். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலிருந்து, கிளினிக்குக்கு வராமல் விட்டவர்களைத் தேடிப் பார்க்கிற வேலை. அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஹம்சிகா என்பது யார் என்று அந்தப் பெண் கேட்டார். மருந்தை இடையில் விடக் கூடாது என்று சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். இப்படி வீடு தேடி வருவது மிஸ்ஸின் வேலையைப் போலவே இருந்தது.

"எந்த மருந்து?" என்றார் அம்மா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தார். பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் வந்தது யார் என்று கேட்பார்கள். கூடவந்த ஆள் நான் என்பது தெரிய வரும். நான் அப்போது எந்தக் கந்தோரில், யாரோடு வேலை செய்தேன் என்பதை விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். மிஸ் வவுனியாவில் புது ஊரில், புதுத் தாய்மாரின் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

"ஓம், நான்தான்," என்றேன்.

அந்தப் பெண் வாங்கில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார். நித்திரை வருகிறதா. சாப்பாடு இறங்குகிறதா. ஒன்றிலும் விருப்பம் இல்லாமல் இருக்கிறதா. யாருடைய பதிலைச் சொல்வது என்று முதலில் குழம்பினேன், பிறகு என்னுடையதையே சொன்னேன். சில கேள்விகளுக்கு எனக்கே நிச்சயமான பதில் இருக்கவில்லை. கிளினிக் நாட்களில் இப்போதும் என் பெயரைக் கூப்பிடுவதாகவும், ஆள் வராததால் அடுத்த பெயருக்குப் போவதாகவும் சொன்னார். வரப் பார்க்கிறேன் என்றேன்.

அவர் போன பிறகு அம்மா நெல்லைக் கிண்டவில்லை. கோழி வந்து கொத்தியது, விரட்டவில்லை.

"கம்பஸ்ல படிக்கிறப்பவே வந்துச்சா?" என்றார்.

நான் எழும்பிப் போய்க் கோழியை விரட்டினேன்.

"நாங்கதான் படி படின்னு போட்டு அமுக்கிட்டோம். நம்ம சனத்துல யாருமே படிக்காதத நீ ஒருத்தியே படிச்சா தலை தாங்குமா."

அன்றிலிருந்து அம்மா என்னிடம் சத்தமாகப் பேசுவதில்லை. நான் கொப்பியோ புத்தகமோ கையில் எடுத்தால், கண்ணுக்குக் களைப்பு என்று வாங்கி வைத்துவிடுகிறார். கலியாணப் பேச்சோடு வந்த ஒருவரை அவரே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். காரணம் கேட்டதற்கு, இன்னொரு வீட்டை ஏமாற்றக் கூடாது என்றார். தம்பிக்கு உயர்தரப் பரீட்சை. கஷ்டமாக இருந்தால் விட்டுவிடு சாமி என்று அவனுக்குச் சொல்கிறார். அவனும் இப்போது பாதி நாள் வகுப்புக்குப் போவதில்லை.

மிஸ்ஸுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். பின்னணியில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது, தாய்மாரின் கிளினிக்கில் வேலையில் இருந்திருப்பார்.

"இது போனில சொல்லுற விசயம் இல்லை. நான் நேர வந்து சிவராணிக்குச் சொல்லுறன்," என்றார். பிறகு, "ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை பிள்ளை, நான் வருமட்டும்," என்றார்.

அந்தக் குரலில் ருசி தெரியாத நாட்களின் மந்தம் திரும்பியிருந்தது போல எனக்குப் பட்டது. அல்லது நான் பயந்ததால் அப்படிக் கேட்டதா என்று தெரியவில்லை. அதனால் வற்புறுத்தவில்லை. எவ்வளவு வற்புறுத்தினால் ஒருவருக்கு அந்த நோய் திரும்பி வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போன வருடம் ஒருநாள், யாருடைய பெயரையும் சொல்லாமல், அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த நோயாளி நான் இல்லை, வேறு ஒருவருக்காக என் பெயரைக் கொடுத்தேன் என்றேன். அம்மா என் தலையைத் தடவினார்.

"சரி சாமி. நீ இல்ல. நீ தூங்கு."

அதற்குப் பிறகு நான் முயலவில்லை. நான் சொன்னால் அது நோயாளி சொல்லும் கதை. மிஸ் வந்து அம்மாவுக்கு முன்னால் இருந்து, அது நான்தான் சிவராணி என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெருநாளுக்கும் வருவதாகச் செய்தி அனுப்புகிறார். இந்த முறை மடு மாதா கோயில் திருநாளுக்கு வரும்போது அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவதாக எழுதியிருந்தார். திருநாள் முடிந்துவிட்டது. மடுவுக்கு வந்து போனாரா என்றுகூட எனக்குத் தெரியாது.